டிஎம் போட்ட தடைகளுக்குள்ளயே ஒரு நல்ல கேரக்டர் கட்டறது எப்படி: பெங்களூர்ல புதுசா டி அண்ட் டி ஆட வர்றவங்களுக்கு

இப்பல்லாம் புதுசா டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட வர்றவங்க முக்காவாசிப் பேர் யூடியூப்ல பார்த்த ஒரு பயங்கரமான பில்ட (கேரக்டருக்கு எது எது எடுக்கணும்ன்ற திட்டம்) மனசுல வச்சிட்டுத்தான் வர்றாங்க. கோரமங்களாலயோ இந்திராநகர்லயோ ஒரு போர்ட் கேம் கஃபேல டேபிள் கிடைக்குது, இல்லன்னா ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்து விடறாரு. உள்ள போனா கேம நடத்தற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) ஒரு லிஸ்ட் போட்டிருக்காங்க, இந்த புக் கிடையாது, பறக்கற ரேஸ் கிடையாது, மல்டிகிளாஸ் (ஒண்ணுக்கு மேல கிளாஸ கலக்கறது) கேட்டுட்டு எடுங்கன்னு. பார்த்த பில்டுல பாதி அங்கயே காலி. அப்புறம் ஏனோதானோன்னு எதையோ எடுத்து, மூணு செஷன் சப்புன்னு ஆடிட்டு, குரூப்ப விட்டே போயிடறாங்க. அப்படிப் போகக்கூடாதுன்னு தான் இத எழுதறேன். நெட்ல இருக்கற பில்ட் எல்லாம் வேற யாரோ டேபிளுக்குப் போட்ட கணக்கு. உங்க டேபிளோட தடை லிஸ்ட ஒழுங்காப் படிச்சீங்கன்னா இங்க எது பலம், எது வேஸ்ட்னு அதுலயே தெரிஞ்சிடும், அத வச்சு கட்டினா நெட் பில்ட விட நல்லா வரும்.

சுத்தமா புதுசா இருக்கறவங்களுக்கு சின்னதா ஒரு அறிமுகம், தெரிஞ்சவங்க இந்தப் பத்திய தாண்டிடுங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல வந்த கேம். இப்ப பெரும்பாலும் ஆடறது அஞ்சாவது எடிஷன், அது 2014-ல வந்துச்சு, 2024-ல அதோட புக்க திருத்தி மறுபடி போட்டாங்க. ஒருத்தர் டிஎம், உலகத்தையும் எதிரிகளையும் அவங்க நடத்துவாங்க, மத்த நாலஞ்சு பேருக்கு ஆளுக்கொரு கேரக்டர். ரேஸ்னா அந்த கேரக்டரோட இனம், கிளாஸ்னா வீரன், மந்திரவாதி மாதிரி அதோட தொழில், ஸ்டாட்னா பலம், அறிவு மாதிரி குணங்களுக்கான நம்பர், ஸ்பெல்னா மந்திரம். ஏதாவது பண்ணனும்னா இருபது முக டைஸ், அதாவது டி20, அத உருட்டி உங்க போனஸ கூட்டணும், டார்கெட் நம்பர தொட்டா வேலை முடிஞ்சது. சண்டையில ஒருத்தர அடிக்கறதுக்கான டார்கெட் நம்பர் பேரு ஏசி.

முதல் வேலை: புக்க திறக்கறதுக்கு முன்னாடி கேளுங்க

கேரக்டர முடிச்சிட்டு "இது ஓகேவா"ன்னு கேக்கறவங்க தான் அதிகம், அப்ப டிஎம் வேணாம்னு சொன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம். முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டுடுங்க. இப்படி இருந்தா போதும்:

"அக்கா, ஞாயித்துக்கிழமை கேமுக்கு கேரக்டர் ரெடி பண்ணப் போறேன். 2014 ரூல்ஸா, 2024-ஆ? எந்தெந்த புக்ல இருந்து எடுக்கலாம்? ஸ்டாட்டுக்கு பாயின்ட் பையா, டைஸ் உருட்டணுமா? ஃபீட், மல்டிகிளாஸ் உண்டா? எந்த லெவல்ல ஆரம்பிச்சு எது வரைக்கும் போறதா ஐடியா? ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தன ஃபைட் வரும்? மத்தவங்க என்ன எடுத்திருக்காங்க?"

பாயின்ட் பைனா குடுத்த பாயின்ட்ட செலவு பண்ணி ஸ்டாட் வாங்கறது, ஃபீட்னா கேரக்டருக்கு கூடுதலா கிடைக்கற ஒரு திறமை, லாங் ரெஸ்ட்னா ராத்திரித் தூக்கம், ஷார்ட் ரெஸ்ட்னா நடுவுல ஒரு சின்ன ஓய்வு, செலவழிச்ச சக்தி திரும்ப வர்றது இந்த ரெஸ்ட்ல தான். ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கு. எடிஷன் ஏன் முக்கியம்னா ஒரே பேர்ல ரெண்டு புக்லயும் வேற வேற விஷயம் இருக்கு. கிரேட் வெப்பன் மாஸ்டர்னு ஒரு ஃபீட், 2014-ல அது அடிக்கற சான்ஸ்ல 5 குறைச்சிக்கிட்டு டேமேஜ்ல 10 ஏத்திக்கற சூதாட்டம், 2024-ல அந்த சூதாட்டமே கிடையாது, உங்க ப்ரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோட ஏறற ஒரு நம்பர்) டேமேஜ்ல சேரும் அவ்ளோதான். பழைய வீடியோ பார்த்துட்டு புது புக் டேபிளுக்குப் போனா கணக்கு மொத்தமும் தப்பிடும். இன்னொண்ணு, 2014 புக்ல ஃபீட், மல்டிகிளாஸ் ரெண்டுமே ஆப்ஷனல் ரூல்னு தான் போட்டிருக்கு, டிஎம் விரும்பினா சேர்த்துக்கலாம். அதனால "ஃபீட் கிடையாது"ன்னு ஒரு 2014 டிஎம் சொன்னா உங்ககிட்ட இருந்து எதையும் பிடுங்கல, புக் எப்படி ஆரம்பிக்குதோ அப்படியே ஆடறாங்க. 2024-ல அப்படி இல்ல, பேக்ரவுண்டோடயே ஒரு ஃபீட் வந்துடும்.

எது வரைக்கும் போற ஐடியான்னு கேக்கறது தான் என்னப் பொறுத்தவரை இதுல பெரிய கேள்வி. நெட்ல இருக்கற பில்ட் பாதிக்கு மேல "லெவல் 11-ல இது செட் ஆகும்", "லெவல் 20-ல இவ்ளோ டேமேஜ்"ன்னு போகும். பெங்களூர் டேபிள் எப்படி ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும், ஒருத்தருக்கு ஆன்-கால், ஒருத்தர் ஒயிட்ஃபீல்டுல இருந்து கிளம்பி சில்க் போர்டு தாண்டறதுக்குள்ள ஒரு மணி நேரம் போயிடும், நடுவுல ஒருத்தர் வேலை மாத்திட்டு சென்னைக்கே போயிடுவாரு. நான் பார்த்த டேபிள்ல நிறைய லெவல் 5, 6 கிட்டயே முடிஞ்சிடுது. அப்ப லெவல் 1-ல இருந்து 5 வரைக்கும் எது ஒழுங்கா வேலை செய்யுமோ அது தான் உங்களுக்கு பெஸ்ட் பில்ட், பதினோராவது லெவல்ல சிங்கமாகி என்ன பண்ண, அந்த லெவல நீங்க பாக்கவே போறதில்ல.

எத்தன ஃபைட்னு கேக்கறது யாருக்கும் தோணாது, ஆனா அது கிளாஸ் பேலன்ஸையே மாத்திடும். 2014 டிஎம் கைட்ல ஒரு அட்வென்ச்சர் நாளைக்கு ஆறுல இருந்து எட்டு மீடியம் இல்லன்னா ஹார்டு என்கவுன்டர் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு, நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட் வர்ற மாதிரி. சாயங்காலம் ஆரம்பிச்சு மூணு மணி நேரம் ஆடற டேபிள்ல அது நடக்கவே நடக்காது, ஒரு ஃபைட் வரும், மிஞ்சினா ரெண்டு, அப்புறம் தூங்கிடுவாங்க. அந்த மாதிரி டேபிள்ல விசார்ட், பாலடின் எல்லாம் வச்சிருக்கறது மொத்தத்தையும் ஒரே சண்டையில கொட்டிடலாம். ஷார்ட் ரெஸ்ட்ட நம்பி இருக்கற வார்லாக், மாங்க் பாவம், அவங்களோட பலம் வெளிய வர்றதுக்கே நேரம் இருக்காது. ஒரே கேம், ஒரே ரூல், ஆனா டேபிள் மாறினா யார் ஸ்ட்ராங்னு மாறிடும்.

ரெண்டாவது: தடை லிஸ்ட ஒவ்வொரு வரியா படிங்க

அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு மாதிரி தான் இதுவும், ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாடியும் முன்னாடி யாரோ பண்ணின ஒரு வேலை இருக்கும். அது என்னன்னு புரிஞ்சிக்கிட்டா இந்த டிஎம் எந்த மாதிரி கேம் நடத்தறாங்கன்னு தெரிஞ்சிடும். அடிக்கடி வர்ற சில தடைகள எடுத்துக்கலாம்.

பறக்கற ரேஸ். ஆரகோக்ரான்ற பறவை மனுஷ ரேஸ் எடுத்தா லெவல் 1-லயே பறக்கலாம். அதே பறக்கற சக்திய ஒரு விசார்ட் ஸ்பெல்லா எடுக்கணும்னா லெவல் 5 வரணும், மூணாவது லெவல் ஸ்லாட் ஒண்ணு போகும் (ஸ்பெல்லுக்கு தனி லெவல் கணக்கு, ஸ்லாட்னா அத போடறதுக்கு எண்ணி வச்ச வாய்ப்பு), கான்சன்ட்ரேஷனும் பிடிக்கணும், அதாவது கவனம் சிதறினா ஸ்பெல் போயிடும். முதல் லெவல் கதையில வர்ற பள்ளம், செவுரு, ஆறு, ஓநாய்க் கூட்டம் எல்லாத்தையும் ஒருத்தர் மேல நின்னு வில்லால முடிச்சிடுவாரு, மத்த நாலு பேர் கீழ கடி வாங்கிட்டு இருப்பாங்க. இந்தத் தடை லிஸ்ட்ல இருந்தா ஒரு விஷயம் உறுதி, உங்க டிஎம் இடத்த வச்சு சவால் குடுக்கறவங்க, பாலம், மலை, கோட்டைன்னு வரும். அப்ப ஏறத் தெரிஞ்ச கேரக்டருக்கும், கயிறு வச்சிருக்கறவனுக்கும், அத்லெட்டிக்ஸ் ஸ்கில்லுக்கும் அங்க நிஜமான மதிப்பு இருக்கு.

சில்வரி பார்ப்ஸ். எதிரி ஜெயிச்சதா உருட்டின டைஸ மறுபடி உருட்ட வைக்கற முதல் லெவல் ஸ்பெல், ரியாக்ஷன்ல, அதாவது அடுத்தவங்க டர்ன்லயே போடலாம், கூடவே நம்ம ஆள் ஒருத்தருக்கு அட்வான்டேஜும் (ரெண்டு டி20 உருட்டி பெருச எடுக்கறது) கிடைக்கும். இவ்ளோ வேலைய முதல் லெவல் ஸ்லாட்டே பண்ணிடுது, அது ஒரு பிரச்சினை. அத விடப் பெருசு, ஒவ்வொரு டைஸுக்கும் கேம் நின்னு "போடவா வேணாமா"ன்னு பேச்சு ஓடும். இது லிஸ்ட்ல இருந்தா டிஎம்க்கு வேகம் பிடிக்கும்னு அர்த்தம்.

2014 கான்ஜூர் அனிமல்ஸும் அதே ரகம். ஒரு ஸ்பெல்லுல எட்டு ஓநாய் வரும், ஒவ்வொண்ணுக்கும் தனியா நகர்த்தணும், தனியா அடி உருட்டணும், அந்த ஒரு டர்ன் முடியறதுக்குள்ள பக்கத்துல இருக்கறவங்க ஸ்விக்கில ஆர்டர் போட்டு சாப்டே முடிச்சிடுவாங்க. 2024 புக்ல இத மொத்தமா மாத்தி, ஒரே கூட்டமா நகர்ற ஆவி மாதிரி ஆக்கிட்டாங்க. பழைய புக்ல ட்ரூயிட் எடுக்கறவங்க தடை இல்லன்னாலும் ரெண்டு பெரிய மிருகமா கூப்பிடுங்க, டேபிளே உங்கள வாழ்த்தும்.

அப்புறம் ஹெக்ஸ்பிளேட் டிப், டிப்னா வேற கிளாஸ்ல ஒண்ணு ரெண்டு லெவல் மட்டும் எடுக்கறது. இது புதுசா வர்றவங்களுக்குப் புரியவே புரியாது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். பாலடினுக்கு கத்தி வீச ஸ்ட்ரெங்த் வேணும், ஸ்பெல்லுக்கும் லெவல் 6-ல வர்ற ஆராவுக்கும் கரிஸ்மா வேணும், அடி தாங்க கான்ஸ்டிடியூஷன் வேணும். இப்படி மூணு பக்கம் இழுக்கறது தான் அந்த கிளாஸ் குடுக்கற விலை. 2014 ரூல்ஸ்ல ஹெக்ஸ்பிளேட் வார்லாக்ல (வார்லாக்னா ஒரு பெரிய சக்தியோட ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்கறவன்) ஒரே ஒரு லெவல் எடுத்தா கத்தியையும் கரிஸ்மாவிலயே வீசலாம், அப்ப ஒரே ஸ்டாட் எல்லா வேலையும் பண்ணும், விலை பெருசா குறைஞ்சிடும். கதையில எந்த ஒப்பந்தமும் இல்லாம, எந்த சக்தி கிட்டயும் கடன்படாம, கணக்குக்காக மட்டும் ஒரு லெவல் எடுக்கறாங்கன்றது தான் நிறைய டிஎம்களோட வருத்தம். அதனால "மல்டிகிளாஸ் கேட்டுட்டு எடுங்க"ன்னு இருந்தா அது மறுப்பு கிடையாது, உங்க கேரக்டர் ஏன் அந்தப் பக்கம் போனான்னு ஒரு கதை சொல்லுங்கன்னு கேக்கறாங்க.

காஃபிலாக்னு ஒண்ணும் கேள்விப்படுவீங்க. வார்லாக் ஸ்லாட் ஷார்ட் ரெஸ்ட்ல திரும்ப வரும், அத சார்சரர்னு இன்னொரு கிளாஸோட பாயின்ட்டா மாத்தி, பாயின்ட்ட மறுபடி ஸ்லாட்டா மாத்தி, தூங்காமலேயே சேர்த்துட்டுப் போறது. புக்ல எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கலாம், டேபிள்ல யாருக்கும் சந்தோஷம் இல்ல. நான் இத யாருக்கும் சொல்லித் தர மாட்டேன்.

சில டேபிள்ல "பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும் (அடிப்படை ரூல் புக்) கூட ஒரே ஒரு புக்கும்"னு ரூல் இருக்கும். அட்வென்ச்சரர்ஸ் லீக்னு அதிகாரபூர்வமா நடக்கற பொது ஆட்டங்கள்ல இந்த ரூல் ரொம்ப நாள் இருந்துச்சு, அங்க இருந்து தான் பரவுச்சு. நாலு புக்ல இருந்து ஒவ்வொரு துண்டா எடுத்து ஒட்டும்போது தான் யாரும் யோசிக்காத கூட்டணிகள் வருது, அத தடுக்கத்தான் இது. புதுசா வர்றவங்களுக்கு இது வரம்னே சொல்வேன், படிக்க வேண்டியது பாதிக்குப் பாதி குறையுது.

மூணாவது: ஒரு வேலை எடுங்க, அதுல உருப்படியா இருங்க

மத்தவங்க என்ன எடுத்திருக்காங்கன்னு கேட்டீங்க இல்ல, அந்தப் பதில இப்ப பாருங்க. முன்னாடி நின்னு அடி வாங்கறது, பின்னாடி இருந்து அடிக்கறது, காப்பாத்தறது, பேசி காரியம் முடிக்கறது, பூட்டு உடைக்கறது, இதுல எது காலியா இருக்கோ அத எடுங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பண்ற கேரக்டர் புக்ல பார்க்க அழகா இருக்கும், டேபிள்ல எப்பவும் ரெண்டாவது ஆள் தான்.

இன்னொரு விஷயம், பெங்களூர் டேபிள்ல ஒரு கன்னடத்துக்காரர், ஒரு மலையாளி, ஒரு ஹிந்திக்காரர்னு இருப்பாங்க, பேச்சு இங்கிலீஷ்ல தான் ஓடும். கேரக்டரா இங்கிலீஷ்ல பேசறது, ரூல் ஞாபகம் வச்சிக்கறது ரெண்டும் ஒரே நேரத்துல புதுசா இருந்தா மண்டை காஞ்சிடும். முதல் கேரக்டருக்கு ஒவ்வொரு டர்னும் எளிமையா இருக்கற கிளாஸா எடுங்க, ஃபைட்டர், பார்பேரியன், ரோக், இல்ல நான் கீழ சொல்ற மாதிரி ஒரு கிளெரிக். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் வீட்டு டேபிள்ல தமிழ்லயே பேசி ஆடறவங்களும் இருக்காங்க. கிடைச்சா விடாதீங்க, குள்ள வீரன் நம்ம ஊரு பாஷைல திட்டறது கேக்கவே தனி சுகம்.

நாலாவது: கணக்கு

கணக்க ரெண்டே உதாரணத்துல புரிஞ்சிக்கலாம். ஸ்ட்ரெங்த் 16 இருக்கற லெவல் 1 ஃபைட்டருக்கு அடிக்கற போனஸ் 5 (ஸ்ட்ரெங்த்துக்கு 3, ப்ரொஃபிஷியன்சிக்கு 2). ஏசி 13 இருக்கற எதிரிய அடிக்க 8-ம் அதுக்கு மேலயும் விழணும், அதாவது 65 சதவீதம். ஸ்ட்ரெங்த் 14-னா போனஸ் 4, 60 சதவீதம். வித்தியாசம் இருபது தடவ உருட்டினா ஒரு தடவ. அந்த ஒரு நம்பருக்காக ராத்திரி முழுக்க ஸ்ப்ரெட்ஷீட் போடறவங்க இருக்காங்க. இப்ப பிளெஸ்னு ஒரு முதல் லெவல் ஸ்பெல் பாருங்க, மூணு பேருக்கு ஒவ்வொரு அடியிலயும் ஒரு நாலுமுக டைஸ் கூட சேரும், சராசரி 2.5. அதே ஃபைட்டர் 65-ல இருந்து 77.5 சதவீதத்துக்குப் போறாரு, அவர் மட்டுமில்ல, மூணு பேரும். தன்னோட ஷீட்ல இருந்து பிழிஞ்சு எடுக்கற பலத்த விட பக்கத்துல இருக்கறவங்களுக்கு குடுக்கற பலம் பெருசு, இத தான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது. பிளெஸ்ஸ தடை பண்ணின டிஎம்ம நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

இன்னொண்ணு, எந்த ட்ரிக்கும் எல்லா இடத்துலயும் வேலை செய்யாது. 2014 கிரேட் வெப்பன் மாஸ்டரயே எடுங்க. கிரேட்ஸ்வார்டு சராசரி டேமேஜ் 7, ஸ்ட்ரெங்த்துக்கு 3, மொத்தம் 10. ஏசி 13-க்கு எதிரா சும்மா அடிச்சா 65 சதவீதம், சராசரி 6.5. மைனஸ் 5 எடுத்தா 40 சதவீதம் தான் படும், ஆனா டேமேஜ் 20, சராசரி 8. லாபம். அதே ஆள் ஏசி 18 கவசக்காரன அடிச்சா சாதாரணமா 4, மைனஸ் 5 எடுத்தா 3. நஷ்டம். கிரிட்டிகல (20 விழுந்தா வர்ற கூடுதல் டேமேஜ்) விட்டுட்டு போட்ட கணக்கு இது, ஆனா விஷயம் புரியும். எதிரி யாருன்னு பார்த்து முடிவு பண்ணனும்.

இப்ப ஒரு முழு கேரக்டர கட்டலாம். டேபிள் இது: 2014 ரூல்ஸ், ஒரே புக், பாயின்ட் பை, ஃபீட் கிடையாது, மல்டிகிளாஸ் கிடையாது. இதுக்கு மேல தடை போட முடியாது. நான் எடுக்கறது ஹில் ட்வார்ஃப் (குள்ளர் இனம்), லைஃப் டொமைன் கிளெரிக் (காயம் ஆத்தற பக்கம் போன பூசாரி). இந்தக் கேரக்டருக்கு வேணும்கற ரேஸ், டொமைன், ஸ்பெல் எல்லாம் இலவசமா கிடைக்கற எஸ்ஆர்டி 5.1-ன்ற ரூல் தொகுப்புல இருக்கு, 2023 ஜனவரில இருந்து அது கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல இருக்கு, பிடிஎஃப் இறக்கிக்கலாம், காசு குடுத்து புக் வாங்கணும்னு இல்ல.

பாயின்ட் பைல 27 பாயின்ட். எல்லா ஸ்டாட்டும் 8-ல ஆரம்பிக்கும், 13 வரைக்கும் ஏத்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயின்ட், 14-க்கு மொத்தம் 7, 15-க்கு மொத்தம் 9. நான் போடறது: விஸ்டம் 15, கான்ஸ்டிடியூஷன் 14, டெக்ஸ்டெரிட்டி 14, கரிஸ்மா 12, ஸ்ட்ரெங்த் 8, இன்டெலிஜென்ஸ் 8. ஒன்பது, ஏழு, ஏழு, நாலு, கரெக்டா 27. ஹில் ட்வார்ஃபுக்கு கான்ஸ்டிடியூஷன்ல 2, விஸ்டம்ல 1 கூடும், ரெண்டும் 16 ஆயிடுச்சு.

ஸ்ட்ரெங்த் 8-ஆன்னு கேப்பீங்க, செயின் மெயில்ன்ற கனமான கவசத்துக்கு ஸ்ட்ரெங்த் 13 வேணுமே, இல்லன்னா வேகம் 10 அடி குறையுமே. இங்க தான் புக்க வரிக்கு வரி படிக்கறதோட பலன். ட்வார்ஃப் ரேஸ்ல ஒரு வரி இருக்கு, கனமான கவசம் போட்டாலும் வேகம் குறையாதுன்னு. அந்த ஒரு வரியால 5 பாயின்ட் மிச்சம், அது டெக்ஸ்டெரிட்டிக்குப் போச்சு. லைஃப் டொமைனுக்கு ஹெவி ஆர்மர் உண்டு, செயின் மெயில் 16, ஷீல்டு 2, முதல் நாளே ஏசி 18. ஒரு காப்ளினுக்கு அடிக்கற போனஸ் 4, ஏசி 14 ஆள 55 சதவீதம் அடிப்பான், உங்கள 35 சதவீதம் தான். ஹிட் பாயின்ட் (எவ்ளோ அடி தாங்கலாம்ன்ற நம்பர்) 12, விசார்டோட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

டெக்ஸ்டெரிட்டி 14 வேஸ்ட் தானே, ஹெவி ஆர்மர்ல அது ஏசிக்கு சேராதேன்னு சிலர் சொல்வாங்க. முதல்ல, ஃபயர்பால் மாதிரி விஷயத்துல தப்பிக்க அது தான் உதவும், இனிஷியேட்டிவும் (சண்டையில யார் முதல்ல ஆடறதுன்றது) அதுல தான். ரெண்டாவது, செயின் மெயில் போட்டா ஸ்டெல்த்துக்கு டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டி20 உருட்டி சின்னத எடுக்கறது), ஒளிஞ்சு போற கதைன்னா மொத்த பார்ட்டியும் உங்களால மாட்டும். கொஞ்ச லெவல் கழிச்சு 400 தங்கக் காசு சேர்த்து ஒரு பிரெஸ்ட்பிளேட் வாங்குங்க, 14, டெக்ஸ்டெரிட்டிக்கு 2, ஷீல்டு 2, அதே 18. ஸ்டெல்த் பிரச்சினை போயே போச்சு. இந்த மாதிரி ஒரு நம்பர் ரெண்டு இடத்துல வேலை செய்யறது தான் எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆப்டிமைசேஷன்.

டர்ன்ல என்ன பண்றது? முதல் டர்ன் பிளெஸ், உங்களுக்கும் சேர்த்து மூணு பேருக்கு. அடி பட்டா கான்சன்ட்ரேஷன் காப்பாத்த ஒரு சேவ் (தாக்குப்பிடிக்கறதுக்கான உருட்டு) போடணும், சாதாரணமா டார்கெட் 10, உங்களுக்கு போனஸ் 3, 70 சதவீதம் நிக்கும், பிளெஸ் உங்க மேலயே இருந்தா அந்த நாலுமுக டைஸ் இதுக்கும் சேர்ந்து 82.5 ஆகும். அடுத்த டர்ன்ல இருந்து சேக்ரட் ஃபிளேம், ஸ்லாட் செலவில்லாம அடிக்கற ஸ்பெல். யாராவது விழுந்தா கியூர் வூண்ட்ஸ், எட்டுமுக டைஸ் ஒண்ணு, விஸ்டத்துக்கு 3, லைஃப் டொமைனுக்கு இன்னொரு 3, சராசரி 10.5, லெவல் 1-ல அது ஒரு ஆள முழுசா எழுப்பி நிறுத்திடும். ஒரே நேரத்துல ரெண்டு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் பிடிக்க முடியாதுன்றத மட்டும் மறக்காதீங்க, புதுசா வர்றவங்க ஸ்பெல் லிஸ்ட் எடுக்கும்போது அஞ்சும் கான்சன்ட்ரேஷனா எடுத்துட்டு உக்காந்திருப்பாங்க.

லெவல் 4-ல விஸ்டம 18 ஆக்குங்க. லெவல் 5-ல ஹிட் பாயின்ட் 48 இருக்கும், ஸ்பிரிட் கார்டியன்ஸ் வரும், சுத்தி 15 அடிக்குள்ள எவன் வந்தாலும் மூணு எட்டுமுக டைஸ் டேமேஜ், சேவ் பண்ணினா பாதி, உள்ள நடக்கவும் திணறுவான். அத போட்டுட்டு நடுவுல போய் நின்னு டாட்ஜ் ஆக்ஷன் எடுங்க, அடிக்க வர்றவனுக்கெல்லாம் டிஸ்அட்வான்டேஜ், உங்க ஏசியோ 18. எல்லா தடையும் போட்ட டேபிள்ல, இலவச பிடிஎஃப்ல இருந்து கட்டின குள்ளன் இவ்ளோ பண்ணுவான்.

அஞ்சாவது: விதிவிலக்கு வேணும்னா எப்படிக் கேக்கறது

கேக்கறதுல தப்பே இல்ல, கேக்கற விதம் இருக்கு. ஒரே ஒரு விஷயம் கேளுங்க, லிஸ்ட் நீட்டாதீங்க. டிஎம்மோட கவலை என்னன்னு ரெண்டாவது படியில பார்த்தோம் இல்ல, அதுக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க. ஆந்தை மனுஷன் ஆசையா இருக்கு, டேபிள்ல பறக்கறது தடைன்னு வச்சிக்கோங்க. "அக்கா, அவுலின் எடுக்கணும்னு ரொம்ப ஆசை. பறக்கறத லெவல் 5 வரைக்கும் விட்டுடறேன், அது வரைக்கும் மேல இருந்து சறுக்கி இறங்கறது மட்டும் வச்சிக்கலாமா? சின்ன வயசுல ரெக்கை உடைஞ்சிடுச்சுன்னு கதை வச்சிக்கறேன். கேம்ல தொந்தரவா தெரிஞ்சா அதையும் எடுத்துடுங்க." இப்படிக் கேட்டா பெரும்பாலும் சரின்னுடுவாங்க. "அந்த வீடியோல ரூல்படி சரின்னு சொன்னாங்களே"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா பேச்சு அங்கயே முடிஞ்சது, அந்த வீடியோக்காரர் வந்து உங்க டேபிள நடத்தப் போறதில்ல. வேணாம்னு பதில் வந்தா ஏன்னு ஒரு தடவ கேளுங்க, கத்துக்கறதுக்காக, அப்புறம் விட்டுடுங்க. எந்தத் தடைக்கும் காரணமே சொல்லாத, கேட்டாலே கோவப்படற டிஎம்மும் இருக்காங்க. அங்க பில்ட மாத்தி பிரயோஜனம் இல்ல, டேபிள மாத்துங்க, ஊர்ல ஆடறவங்களுக்கு பஞ்சமில்ல.

டேபிள்ல உக்காந்த பிறகு

ரெண்டு மூணு செஷன் கவனிங்க. உங்க டர்ன் வந்தா சண்டையே முடிஞ்சிடுது, மத்தவங்க போன பார்த்துட்டு இருக்காங்கன்னா நீங்க அந்த டேபிளுக்கு அதிகமா கட்டிட்டீங்க. கேரக்டர தூக்கிப் போட வேணாம், அந்த பலத்த அடுத்தவங்க பக்கம் திருப்புங்க, நீங்க அடிக்கறதுக்குப் பதிலா எதிரிய பிடிச்சு வைங்க, ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் (அவனோட கூடுதல் டேமேஜ்) கிடைக்கற இடத்துல போய் நில்லுங்க, அட்வான்டேஜ் வாங்கிக் குடுங்க. அட்வான்டேஜ் இருந்தா அந்த 65 சதவீதம் கிட்டத்தட்ட 88 ஆகுது, அடிச்சது அவங்க, சந்தோஷமும் அவங்களுக்கு.

அதுக்கு நேர் எதிரா, நீங்க எதுக்குமே உதவாத மாதிரி இருந்தா வெட்கப்படாம டிஎம்கிட்ட சொல்லுங்க. அட்வென்ச்சரர்ஸ் லீக்ல லெவல் 5 ஆடறதுக்கு முன்னாடி கேரக்டர மறுபடி கட்டிக்க அனுமதி இருந்துச்சு, நிறைய வீட்டு டேபிளும் அதையே வச்சிருக்கு. செஷனுக்கு நடுவுல கேக்காதீங்க, வாரத்துல ஒரு நாள் மெசேஜ் போடுங்க, எது வேலை செய்யல, எத மாத்தணும்னு ரெண்டு வரில எழுதுங்க. பேரும் கதையும் அப்படியே இருக்கட்டும், ஸ்டாட்டும் ஸ்கில்லும் மட்டும் மாறட்டும், அப்ப மத்த பிளேயர்களுக்கும் குழப்பம் வராது. கிளெரிக் எடுத்தவங்களுக்கு இதுல பாதி வேலை கிடையாது, ஒவ்வொரு லாங் ரெஸ்ட் முடிஞ்சதும் ஸ்பெல் லிஸ்ட புதுசா போட்டுக்கலாம், அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.